காரணம்: மழை

1. கழற்றச் சொன்னார்கள்

"நஸீர், அந்த முல்லைத்தீவு சைட்ட கழட்டிருங்க."

2005ஆம் ஆண்டு மாரியில் ஒரு வியாழக்கிழமை, கொழும்பிலிருந்து எங்கள் மேனேஜர் வவுனியா அலுவலகத்துக்குப் பேசினார். நான் அங்கே ஃபீல்ட் டெக்னீஷியன். சட்டலைட் மூலம் இன்ரநெற் கொடுப்பது எங்கள் கம்பனியின் தொழில். வன்னியில் ஆறு இடங்கள் என் பொறுப்பில் இருந்தன.

"ரெண்டு மாசத்துல பதினேழு தடவை லைன் விழுந்திருக்கு. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலயும் காரணம் மழைன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. அந்த ஊருல மழை பெய்யாம இருக்கப் போறதில்ல. கிளிநொச்சில ஒரு ஆபீஸ் ரொம்ப நாளா கேக்குறாங்க, அங்க கொண்டு போய்ப் பூட்டுவோம். சனிக்கிழமை போயிருங்க."

"சரி சேர்" என்றேன். வேறு என்ன சொல்ல? பதினேழு அறிக்கையிலும் இருந்தது என் கையெழுத்துத்தான்.

முல்லைத்தீவு சைட் என்று நாங்கள் சொன்னது கரையோரத்தில் இருந்த இரண்டு அறைக் கட்டடம். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, தற்காலிகக் கொட்டில்களில் இருந்த மீனவக் குடும்பங்களுக்காகப் கத்தோலிக்கப் பங்குக் கோயில்காரர் நடத்திய கணினி நிலையம். நாலு கணினி, ஒரு பிறின்ரர், பின்பக்கம் ஒரு டிஷ். பொறுப்பாக ஜெசிந்தா என்றொரு பிள்ளை இருந்தா. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும்.

ஒவ்வொரு முறை லைன் விழுந்து திரும்ப வந்ததும் அவா எனக்கு ஈமெயில் போடுவா. விழுந்த நேரம், வந்த நேரம், கடைசியில் ஒரு வரி. அந்தக் கடைசி வரி பெரும்பாலும் பிலோமினா அக்காவைப் பற்றியதாகவே இருக்கும். "இந்தக் கிழமையும் பிலோமினா அக்கா மகனோடை கதைக்கேல்லை."

பிலோமினா அக்காவின் புருசனையும் மகளையும் கடல் கொண்டு போய்விட்டது. மிஞ்சியது மகன் அன்ரன் ஒருவன். அவன் கட்டாரில் கட்டட வேலை. அவனுக்கு லீவு வெள்ளிக்கிழமை என்றாலும், ஞாயிற்றுக்கிழமை எங்கள் நேரம் பத்து மணிக்கு அரை மணித்தியாலம் வேலையிடத்தில் கேட்டு வாங்கியிருந்தான். பூசை முடிந்ததும் அக்கா நிலையத்துக்கு வந்து, இன்ரநெற் வழியாக நெற் கோலில் அவனோடு கதைப்பா. வேறு வழி அவாவுக்கு இல்லை. அந்தப் பக்கம் அப்போது கையடக்கத் தொலைபேசி எடுபடாது. மேனேஜர் கழற்றச் சொன்ன நாளில், அவா மகனின் குரலைக் கேட்காமல் ஐந்து ஞாயிறு போயிருந்தது. டிஷ்ஷைக் கழற்றினால் ஆறாவது ஞாயிறும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சரி சேர் என்றேன்.

2. மழைக்கும் விழும், வெயிலுக்கும் விழும்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

எங்கள் நாட்டுக்குச் சட்டலைட் ஏறக்குறையத் தலைக்கு மேலே. அதனால் டிஷ் அண்ணாந்து பார்த்தபடி இருக்கும். நாங்கள் பாவித்தது கேயு பாண்ட் என்கிற அலைவரிசை. டிஷ்ஷைச் சின்னதாக வைக்கலாம், செலவு குறைவு, ஆனால் பெருமழைக்கு அடங்கிப் போகும். வானத்தில் இறங்கும் தண்ணீர் சிக்னலை உறிஞ்சிவிடும். இதை ரெயின் ஃபேட் என்போம். தூறலுக்கு ஒன்றும் ஆகாது. மப்பு மந்தாரத்துக்கும் பெரிதாக ஆகாது. சோவென்று கொட்டுகிற மழை மேகம் டிஷ்ஷுக்கும் சட்டலைட்டுக்கும் நடுவே நிற்கிற நேரம் மட்டும்தான் லைன் விழும். மேகம் நகர்ந்ததும் தானாக எழும்பும். பத்து நிமிடம், இருபது நிமிடம், மிஞ்சிப் போனால் அரை மணித்தியாலம். இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. நான் மறக்கவில்லை, ஆனால் கவனிக்கவும் இல்லை.

வெயிலுக்கு விழுவது வேறு கதை. பங்குனி நடுவிலும் புரட்டாதி கடைசியிலும் சில நாட்கள், சூரியன் சரியாகச் சட்டலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். டிஷ்ஷுக்குச் சட்டலைட்டின் குரல் கேட்காது, சூரியனின் இரைச்சல்தான் கேட்கும். மத்தியானத்தை ஒட்டிச் சில நிமிடங்கள் லைன் செத்துவிடும். முதல் வருடம் கிளிநொச்சியில் ஒரு அலுவலகப் பொறுப்பாளருக்கு இதை விளங்கப்படுத்தப் போய் நல்ல பேச்சு வாங்கினேன்.

"மழை பெய்ஞ்சால் மழையாலை எண்டுறீர். வெயில் எறிச்சால் வெயிலாலை எண்டுறீர். அப்ப உம்முடைய லைன் எப்பதான் ஐசே வேலை செய்யும்? பனிக்கோ?"

 அடுத்த வருடம் நாளையும் நேரத்தையும் கணித்து முன்கூட்டியே எழுதிக் கொடுத்தேன். சொன்ன நிமிடத்தில் லைன் விழுந்தது. மனுசன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். லைன் விழுவதை ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். காரணம் தெரியாமல் விழுவதைத்தான் பொறுக்க மாட்டார்கள்.

3. பதினேழு அறிக்கைகள்

முல்லைத்தீவு லைன் ஆவணி, புரட்டாதியில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஐப்பசியில் சிக்னலின் பலம் கொஞ்சம், இரண்டு டிபி, இறங்கியிருந்ததைக் கொழும்புக்காரர் கண்டார்கள். காற்றுக்கு டிஷ் கொஞ்சம் அசைந்திருக்கும், வசதிப்பட்டால் போய்ப் பார்க்கவும் என்று எழுதினார்கள். நான் போகவில்லை. பிறகு மாரி பிடித்தது. லைன் விழத் தொடங்கியது.

ஜெசிந்தாவின் ஈமெயில்கள் தெளிவானவை. "மழை காலமை ஏழு மணிக்கே விட்டிட்டுது. லைன் பன்னிரண்டரைக்குத்தான் வந்தது." இப்படி ஒன்றல்ல, ஏழெட்டு வந்தன. மழை விட்டு ஐந்தரை மணித்தியாலம் கழித்து எழும்புகிற ரெயின் ஃபேட் உலகத்தில் இல்லை. முதல் மாதப் பயிற்சியில் இருக்கிறவனுக்கே இது விளங்கும். நான் அதை வாசித்தேன். வாசித்துவிட்டு, பழுதுப் பதிவேட்டில் காரணம் என்ற பத்தியில் 'மழை' என்று எழுதினேன்.

ஏன் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் முல்லைத்தீவுக்குப் பக்கத்துத் தண்ணீரூற்று முஸ்லிம். தொண்ணூறில், போருக்குள், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது எனக்குப் பத்தொன்பது வயது. புத்தளத்தில் அகதி முகாமில் இருந்துகொண்டுதான் எலக்ட்ரோனிக்ஸ் படித்தேன். சமாதானக் காலத்தில் பாதை திறந்ததும், "உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியும்தானே" என்று கம்பனி என்னை வன்னிக்குப் போட்டது. தெரியும். அதுதான் பிரச்சினை. மாங்குளத்தில் ஏ-9ஐ விட்டுத் திரும்பி ஒட்டுசுட்டான் தாண்டினால், முல்லைத்தீவுக்குப் போகிற ரோட்டு எங்கள் ஊருக்குள்ளால்தான் போகும். ஆவணியில் டிஷ் பூட்டப் போனபோது எங்கள் வளவைப் பார்த்தேன். கிணறு மட்டும் இருந்தது. வீடு இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு நாயுண்ணிப் பற்றை. திரும்பவும் அதைப் பார்க்க எனக்கு மனமில்லை. ஒவ்வொரு முறை பழுது வரும்போதும் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமான் லிஸ்ட் காட்டி முடிய நேரம் போகும், பாதை வெள்ளம், வாகனம் சேற்றில் புதையும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல.

4. டிஷ் எங்கே?

சனிக்கிழமை விடியவே வான் வண்டியில் புறப்பட்டோம். நானும் சாரதியும் மட்டும். கழற்றுகிற வேலைக்கு அது போதும். தண்ணீரூற்று வந்தபோது நான் மடியில் இருந்த லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் நல்ல மழை. அன்றைக்கு வானம் கழுவி விட்டதுபோல நீலமாக இருந்தது. பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டிஷ் கழற்றப் போகிற செய்தி ஜெசிந்தாவுக்கு முன்பே போயிருந்தது. அவா சண்டை பிடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தா.

"லைன் இருக்கே?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. நேற்றுப் பின்னேரம் போனது."

வெளியே கண் கூசுகிற வெயில். மொடத்தில் சிக்னல் லைட் அணைந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாக ஒரு மாதிரி இருந்தது. எழும்பிப் பின்பக்கம் போனேன். ஆவணியில் நான் சீமெந்துத் தளம் போட்டு நிறுத்திய டிஷ் அங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு கொட்டில் நின்றது.

"டிஷ் எங்கை?"

"உள்ளுக்கை."

நாலு மூலைக்கும் நல்ல தடியாக நட்டு, மேலே தென்னோலை பின்னிய கிடுகை இரட்டையாக வேய்ந்து, ஓரங்களைத் தாழ இறக்கியிருந்தார்கள். கடற்தொழிலாளர் போட்ட கட்டு, ஒரு இடத்தில் இளக்கமில்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். டிஷ் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், துடைத்து வைத்த பீங்கான் கோப்பையாகக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. கிடுகு நனைந்து ஊறிக் கறுத்திருந்தது. ஓரத்தால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஏன் அண்ணை சிரிக்கிறீங்கள்? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நானோ?"

அவா உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தா. டிஷ் பூட்டிய அன்றைய திகதி போட்டு, நான் சொன்ன அறிவுறுத்தல்களை வரிசையாக எழுதி வைத்திருந்தா. மூன்றாவது வரி: மழைத்தண்ணி பட விடக்கூடாது.

சொன்னேன்தான். அன்றைக்கு டிஷ்ஷுக்குப் பின்னால் இருந்துகொண்டு, கேபிள் மூட்டுக்கு ரப்பர் நாடா சுற்றியபடி சொன்னேன். தண்ணீர் படக்கூடாதது அந்த விரல் நீள மூட்டில். பின்னால் நின்ற பிள்ளைக்கு என் கை தெரிந்திருக்காது, டிஷ்தான் தெரிந்திருக்கும். நான் எழும்பிக் காட்டிச் சொல்லவில்லை. ஓமந்தை மூடமுன் வவுனியா திரும்ப வேண்டும் என்று அவசரம்.

காய்ந்த கிடுகு சிக்னலைப் பெரிதாக மறிக்காது. ஐப்பசியில் இறங்கிய இரண்டு டிபி அதுதான். நனைந்த கிடுகு அப்படியல்ல. இரட்டை வேய்ச்சல் குடித்த தண்ணீர் முழுவதும் டிஷ்ஷுக்கு மேலே தொங்கும். மழை விட்டாலும் கூரை காய்கிற வரைக்கும் டிஷ்ஷைப் பொறுத்தவரை மழைதான். வெயில் நன்றாக ஏறிய நாளில் மத்தியானம் லைன் வரும். மப்பான நாளில் அடுத்த நாள்தான் வரும்.

இதை நான் ஜெசிந்தாவுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வேலிப்பக்கம் ஒரு அம்மா வந்து நின்றா. ஐம்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். ஜெசிந்தா அவாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"இவாதான் பிலோமினா அக்கா. கிடுகு முழுக்க இவாதான் பின்னித் தந்தவா."

"சட்டி நனையுதெண்டு பிள்ளை சொன்னவள், தம்பி" என்றா பிலோமினா அக்கா. டிஷ்ஷை அவா சட்டி என்றுதான் சொன்னா. "எல்லாத்தையும் தண்ணி கொண்டு போட்டுது. இதையெண்டாலும் நனைய விடக்கூடாதெண்டு நினைச்சன். அறுபது கிடுகு. சரியாப் பின்னேல்லையோ? ஒழுகுதே?"

நான் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். கூரையைப் பிரித்துவிட்டு, மெஷினில் ஏதோ பழுது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லித்தான் அலுத்துப் போயிருந்தேன்.

"ஒழுகேல்லை அக்கா. நல்லாப் பின்னியிருக்கிறீங்கள். அதாலைதான் லைன் வரேல்லை. சட்டி வானத்தைப் பாக்கவேணும். நனைஞ்ச கிடுகு மறைக்குது."

அவா கை நீட்டி, நனைந்த கிடுகொன்றைத் தொட்டுப் பார்த்தா.

"அப்ப அஞ்சு கிழமையா என்ர பிள்ளையின்ர வாயை நான்தான் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறன்."

"இல்லை அக்கா. பிழை என்னில."

அதை அவா கேட்டதாகத் தெரியவில்லை. கொடுவாக்கத்தியை வாங்கி, முதல் கட்டை அவாதான் அறுத்தா.

5. ஸ்பீக்கரில் கேட்டது

கூரை இறங்கியதும் மீற்றரைக் கொழுவிப் பார்த்தேன். சிக்னல் ஆவணியில் இருந்த அளவுக்கு அப்படியே ஏறி நின்றது. டிஷ்ஷின் அடியில் தண்ணீர் வடிகிற துளையைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கினேன். வேறு ஒரு பழுதும் இல்லை. அந்த லைனிலேயே நெற் கோல் போட்டு மேனேஜரை அழைத்தேன். ஹெட்செட் வேலை செய்யவில்லை, ஸ்பீக்கரில்தான் பேச வேண்டியிருந்தது. ஜெசிந்தாவும் பிலோமினா அக்காவும் பக்கத்தில் இருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை.

"கூரையா? டிஷ்ஷுக்கு மேலயா? ரெண்டு மாசத்துல நீங்க ஒரு தடவகூட போய்ப் பாக்கலயா நஸீர்?"

"இல்லை சேர்."

"பதினேழு தடவை மழைன்னு எழுதியிருக்கீங்களே. எதப் பாத்து எழுதினீங்க?"

பாதை வெள்ளம் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அந்த மாரியில் அதை யாரும் நம்பியிருப்பார்கள்.

"பாக்காமத்தான் எழுதினேன் சேர். ரோட்டு எங்கட தண்ணீரூற்றால போகுது. அந்தப் பக்கம் வர எனக்கு மனமில்லை. அதுக்காக மழை எண்டு எழுதினேன்."

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் விழுந்துவிட்டதோ என்று மொடத்தைப் பார்த்தேன். விழவில்லை.

"இப்ப சொன்னத அப்படியே எழுதி அனுப்புங்க" என்றார் கடைசியில். "நாளைக்கும் அங்க நில்லுங்க. மழை வந்தா எவ்வளவு நேரம் லைன் விழுதுன்னு பாருங்க. அரை மணிக்குள்ள திரும்பி வந்தா சைட் இருக்கட்டும். வரலன்னா கழட்டிட்டு வாங்க."

நான் பெண்கள் இருந்த பக்கம் திரும்பவில்லை. பிலோமினா அக்கா எழும்பிப் போய்விட்டா.

6. ஞாயிறு

பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அறிக்கை அனுப்பினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த வருடம் எனக்கு வர இருந்த சுப்பர்வைசர் பதவி என்னிலும் இளைய ஒருவருக்குப் போனது. அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2006 ஆவணியில் ஏ-9 பாதை மூடப்பட்டது. அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போக முடியவில்லை. அந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அதற்குப் பின் கடைசிப் போரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தாவையும் பிலோமினா அக்காவையும் நான் பலரிடம் விசாரித்தேன். ஒரு தகவலும் கிடைக்கவில்லை. 

தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மழை லைனை விழுத்தும், அது பொய்யில்லை. ஆனால் விழுந்த நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், மழை விட்ட பிறகு எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். அது கூடினால் பழுது வானத்தில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. போக மனமில்லாத இடமென்றால் முதலில் அங்கே போங்கள்.

அந்த ஞாயிறு காலை பூசை முடியும்போதே வாடைக்காற்றோடு கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்க பிலோமினா அக்கா வந்து கணினிக்கு முன்னால் இருந்தா. நிலையம் நிறைய ஆட்கள். டிஷ் இருக்குமா போகுமா என்பது அன்றைக்கு முடிவாகும் என்று ஊருக்கே தெரிந்திருந்தது. அழைப்புப் போனது. "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான். மழை அடித்து ஊற்றியது, லைன் விழுந்தது.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து ஒன்று.

யாரோ ஒரு ஐயா பழக்கதோஷத்தில் தறப்பாளை எடுத்துக்கொண்டு டிஷ்ஷை மூட ஓடினார். "விடுங்கோ அப்பு, நனையட்டும்!" என்று ஜெசிந்தா கத்தினா. சிலர் சிரித்தார்கள். பிலோமினா அக்கா சிரிக்கவில்லை. ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. மழை கொஞ்சமும் குறையவில்லை. கணக்குப்படி வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் தகரக் கூரையின் சத்தம் அடங்கியது. இருபத்திரண்டில் மொடத்தின் லைட் மினுங்கியது, அணைந்தது, திரும்பவும் மினுங்கி நின்றது.

ஜெசிந்தா அழைப்பைப் போட்டா. அன்ரன் போகாமல் காத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஏழு நிமிடம் மிச்சம் இருந்தது.

"அம்மா, என்னம்மா நடந்தது? அஞ்சு கிழமையா ஏன் கதைக்கேல்லை? நான் என்னெண்டு நினைக்கிறது?"

 முதல் நாள் நான் மேனேஜரிடம் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்த அம்மா கேட்டிருந்தா. அதை மகனிடம் அப்படியே சொல்லியிருக்கலாம். மழை என்றும் சொல்லியிருக்கலாம். என் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தா.

"ஒண்டுமில்லை ராசா, லைனிலை ஒரு சின்னப் பிழை. எங்கட தண்ணீரூற்றுப் பிள்ளை ஒருத்தர் வந்து பாத்திட்டார். நீ சாப்பிட்டியே?"